யாருடைய பந்தும் பள்ளத்தில் கிடப்பதில்லை

மயிலாப்பூர் குளத்தருகே பேருந்தில் ஏறினால் நடத்துநர் முதலில் என்னைப் பார்ப்பதில்லை. என் தோளில் தொங்கும் நீண்ட பையைப் பார்க்கிறார். இந்த ஊருக்கு வந்து ஒன்றரை ஆண்டாகிறது. வாரம் இரண்டு முறை அதே வழித்தடம், பெரும்பாலும் அதே நடத்துநர், அதே கேள்வி.

“உள்ள இன்னா சார் கீது?”

“கோல்ஃப் மட்டை.”

“அது இன்னா, ஆக்கியா?”

“ஹாக்கி இல்லை. இது வேறு.”

“ஆக்கின்னா ஸ்கூல் பசங்க கணக்குல உட்டுடுவேன். வேறன்னா லக்கேஜ் எடு.”

ஹாக்கி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிக்கலாம். ஆனால் மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஒரு நில அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக (இங்கே குமாஸ்தா என்கிறார்கள்), அதிலும் கடைசிப் பத்தாண்டுகள் தலைமைக் கிராணியாக இருந்தவன் நான். ஆட்டை மாடு என்று எழுதிப் பழக்கமில்லை. ஒவ்வொரு முறையும் லக்கேஜ் சீட்டு வாங்குகிறேன். மனைவி காலமான பிறகு, கச்சேரி சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மகளிடம் வந்து சேர்ந்தபோது, பென்ஷனுக்கு அடுத்தபடியாகக் கூடவே கொண்டுவந்த சொத்து இந்தப் பைதான். “இந்த வயசுல இது தேவையாப்பா? கோயிலுக்குப் போயிட்டு, பார்க்குல நாலு பேரோட உக்காந்துட்டு வரலாம்ல?” என்று மகள் கேட்பாள். பார்க்கிலும் போய் உட்கார்ந்து பார்த்தேன். அந்த நாலு பேரும் மூட்டுவலியைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தத் துறையில் எனக்கே போதிய அனுபவம் இருக்கிறது.

அங்கே இருக்கும் நண்பர்கள் கடிதத்தில் கேட்கிறீர்கள்: சென்னையில் விளையாட இடம் உண்டா, கட்டுப்படியாகிறதா, போட்டிகள் எப்படி? இந்தப் பத்திரிகை வழியாகப் பொதுவாகவே பதில் எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அது பின்னால் வரும்.

நம் ஊர் மைதானம் உங்களுக்குத் தெரியும். ஈயம் தோண்டி முடித்துவிட்டுப் போன வெள்ளை மணல்மேடு. அதில் ஒன்பது குழி. பாதி நாள் மழை, மீதி நாள் சேறு. சங்கச் சந்தா ஒரு தபால்காரரும் கட்டக்கூடியது. கட்டினார், இரண்டு முறை கோப்பையும் வாங்கினார். மாவட்ட அதிகாரி அவருக்கு எதிராக ஆடித் தோற்றுவிட்டு, மறுநாள் அவர் கொண்டுவந்த தபாலை வாங்கிக்கொண்டார். அவரவர் பையை அவரவர் சுமந்தோம். பந்து சேற்றில் புதைந்தால் சேற்றிலிருந்தே அடித்தோம். விதி மீறினால் நாமே கூடுதல் அடிகளைத் தண்டமாகப் போட்டுக்கொண்டு, அடிக்கணக்கு அட்டையில் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட்டோம். போட்டிச் செயலாளராகப் பதினோரு ஆண்டுகள் அந்த அட்டைகளைச் சரிபார்த்தவன் நான்.

இங்கே கிண்டிக்குப் போகும் வழியில் ஒரு சங்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். நிரந்தர உறுப்பினராக ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், பிறகு வரிசையில் முன்னால் நிற்கும் சிலர் இறக்க வேண்டும். நம் சங்கத்தின் அறிமுகக் கடிதத்தைக் காட்டித் தற்காலிக உறுப்பினரானேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது குழுவின் விருப்பம். மைதானத்தில் பந்தை உருட்டிக் குழியில் போடும் இடம் நம்மிடம் பச்சைப் புல். இங்கே எண்ணெய் கலந்து இறுக்கிய மணல். ஆடி முடித்ததும் அடுத்தவருக்காக அதை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். குறையாகச் சொல்லவில்லை, தண்ணீரில்லாத ஊரில் அதுதான் நியாயம். செலவைப் பற்றி ஒன்றே ஒன்று. மட்டை வழுக்காமலிருக்க இடக் கைக்கு மட்டும் போடும் உறை கேட்டபோது பாண்டி பஜார் கடைக்காரர், “ஒத்தக் கைக்கு எங்க போவேன்யா நான்? ஜோடியா எடும், இன்னொண்ணு வீட்ல கெடக்கட்டும்” என்றார். இந்த ஊரில் கோல்ஃப் என்பது அப்படித்தான், வேண்டாத பாதியையும் சேர்த்தே வாங்க வேண்டும். அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய தரிசில் பொதுமக்களுக்காக ஒன்பது குழி அமைக்கலாம் என்று ஒரு அலுவலகத்துக்கு மனு போட்டேன். மேற்படி குழிகள் குடிநீருக்கா, கழிவுநீருக்கா எனத் தெளிவுபடுத்துமாறு பதில் வந்தது. அரசாங்கக் கடிதங்களுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் பதில் எழுதிய எனக்கே அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

வேண்டாத அந்தப் பாதியில் ஒன்று, கேடி. போலீஸ் நிலையப் பலகையில் படம் ஒட்டப்படுகிறவரல்ல; நம் பையைச் சுமந்து கூடவே நடப்பவர். இங்கே கேடி இல்லாமல் ஆடக் கூடாது. எனக்கு வாய்த்தவர் தனபால். நாற்பத்தைந்து வயதிருக்கும், வேளச்சேரிக்காரர், ஏரிக்கரை வழியே நடந்தே வருவார். செருப்பில்லாத கால்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது காற்றுக்கு முன்பே அவருக்குத் தெரியும். “நீ அட்சிக்கினே இரு சார், மத்தத நான் பாத்துக்கறேன்” என்பார். அந்த ‘மத்தது’ என்னவென்று எனக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது.

இந்த மைதானத்தில் யாருடைய பந்தும் பள்ளத்தில் கிடப்பதில்லை. எங்கே விழுந்தாலும், நாம் போய்ச் சேர்வதற்குள் அது ஒரு புல்கொத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கேடி முன்னால் போவார், நிற்பார், வானத்தைப் பார்ப்பார். அவர் கால் கட்டைவிரல் செய்ய வேண்டியதைச் செய்துவிடும். எல்லோருடைய கேடியும் எல்லோருக்கும் செய்வதால் யாருக்கும் அநியாயமில்லை என்பது இங்குள்ள சித்தாந்தம். எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்ப்பதில்லை.

மாதாந்திரப் போட்டியில் நான் பார்த்துவிட்டேன். ஏழாவது குழிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டித் தடம் ஒன்று மைதானத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. என் பந்து அதற்குள் விழுந்ததைத் தெளிவாகக் கண்டேன். போனால் தடத்துக்கு வெளியே, மணமேடையில் மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருக்கிறது.

“தனபால், பந்து எங்கே விழுந்தது?”

“இங்கியேதான் சார்.”

“வண்டித் தடத்தில் விழுந்ததை நான் பார்த்தேன்.”

“பாத்தியா? அப்ப உனுக்குக் கண்ணு நல்லா கீதுன்னு அர்த்தம். அடி சார், பின்னால ஆளு நிக்குது.”

பந்தை எடுத்துத் திரும்பத் தடத்தில் வைத்து, அங்கிருந்து அடித்தேன். இரண்டு அடி தண்டம் சேர்த்துக்கொண்டு அட்டையில் காரணம் எழுதினேன்: ‘கேடி பந்தைக் காலால் நகர்த்தினார்.’ என்னுடன் ஆடி என் அடிகளை எண்ணிக் குறித்தவர் ஆழ்வார்பேட்டை வக்கீல் ஒருவர். கையெழுத்துப் போடும் முன் தயங்கினார். “ரெண்டைக் கூட்டிக்கிட்டு விட்டுடுங்க சார். காரணமெல்லாம் எதுக்கு எழுதறீங்க?” என்றார். காரணமில்லாமல் ஓர் எண் எப்படி வரும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு அப்போது பொருள் தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது வேறொருவர் என் பையைத் தூக்கினார். தனபால் எங்கே என்றதற்கு, “நீதானே சார் எழுதிக் குட்த்தே” என்றார். மூன்று மாதம் உள்ளே வரக் கூடாது என்று தனபாலுக்கு உத்தரவாம். வேளச்சேரியில் செங்கல் சூளையில் மண் சுமக்கிறாராம். வீட்டில் நான்கு வயிறு.

சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. நேராகப் போய் நின்றேன்.

“உங்க புகார் மேல நடவடிக்கை எடுத்தாச்சு சார்” என்றார், நன்றியை எதிர்பார்க்கும் முகத்தோடு.

“நான் புகார் கொடுக்கவில்லை. தண்டத்துக்கு விளக்கம் எழுதினேன்.”

“எழுத்துல இருக்கே. எழுத்துல இருந்தா அது புகார்தான்.”

“இங்கே எல்லாக் கேடிகளும் இதைத்தானே செய்கிறார்கள்?”

“மத்தவங்களைப் பத்தி எழுத்துல ஒண்ணும் வரலையே.”

முப்பத்திரண்டு ஆண்டுகள் இதே வாக்கியத்தை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானே சொல்லியிருக்கிறேன். எதிரில் நின்றவர்கள் முகம் எப்படியிருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்க முயன்றேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

மேல்முறையீடு செய்ய விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். தற்காலிக உறுப்பினருக்கு மேல்முறையீட்டு உரிமை இல்லை. கேடிக்கு எந்த உரிமையும் இல்லை. புத்தகத்தில் அவர் ‘உபகரணங்கள்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறார். பத்து நாள் யோசித்ததில் ஒரே வழிதான் தென்பட்டது. அந்த விளக்கமே பொய் என்று, அதை எழுதியவனே எழுதிக்கொடுத்தால், அதன்மேல் எழுந்த நடவடிக்கை நிற்காது. எந்த அலுவலகத்திலும் நிற்காது.

அன்று மாலை மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பிரதி எழுதினேன்: ‘பந்தை நகர்த்தியவன் நானே. பழியைக் கேடியின் மேல் எழுதினேன். வருந்துகிறேன்.’ என் வாழ்நாளில் நான் கையெழுத்திட்ட முதல் பொய் ஆவணம். கையெழுத்து எப்போதும்போல் அழகாகவே விழுந்தது, அது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. மறுநாள் முதல் பிரதியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவதில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொண்டேன். வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். தான் எதையும் பார்க்கவில்லை என்றிருக்கிறார். அந்த மைதானத்தில் அதைவிட உண்மையான வாக்குமூலம் கிடையாது.

குழு கூடியது. தனபால் மேலிருந்த உத்தரவு ரத்தானது. என் தற்காலிக உறுப்பினர் நிலையும் அன்றே ரத்தானது. அறிமுகக் கடிதம் தந்த சங்கத்துக்கும் விவரம் தெரிவிக்கப்படும் என்றார்கள், தெரிவித்தும்விட்டார்கள். ஆகவே நண்பர்களே, நம் சங்க அறிவிப்புப் பலகையில் நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள். பதினோரு ஆண்டுகள் உங்கள் அட்டைகளைச் சரிபார்த்தவன் பந்தை உதைத்தான் என்று. நான் சொன்ன வேறொரு காரணம் இதுதான். இந்தப் பத்திரிகை சென்னைக்கு வருவதில்லை என்ற துணிவில் எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் எனக்காக இங்கே கடிதம் போட்டு உண்மையை நிலைநாட்டிவிடாதீர்கள். போட்டால் மறுபடி செங்கல் சூளைதான்.

சங்கத்தில் என் பெட்டியில் இருந்த காலணிகளை எடுத்துவரப் போன அன்று வாசலில் தனபாலைப் பார்த்தேன். நன்றி சொல்வார் என்று நினைத்தது என் தவறு.

“இன்னா சார் நீ? ஒரு காகிதத்துல வெளிய தள்னே, இன்னொரு காகிதத்துல உள்ள இட்டாந்தே. நடுவுல என் வூட்ல சோறு எவன் போட்டான்?”

“தவறுதான் தனபால்.”

“தப்புன்னு இதையும் எயுதிக் குட்த்துடாதே, சாமி.” பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். “இனிமே எங்க ஆடுவே?”

“ஆட இடமில்லை.”

“திங்கக்கெயம லீவு. மெம்பரு எவனும் வர மாட்டான். நாங்கதான் ஆடுவோம். பின்பக்க வேலிண்ட வா. ஒரே ஒரு கட்டை எட்த்துக்கினு வா, மூட்டையெல்லாம் வாணாம்.”

போனேன். எந்த விதியின் கீழும் வராத ஒரு வேலிச் சந்தின் வழியாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே பதினோரு பேர். வேளச்சேரிக்கும் சைதாப்பேட்டைக்கும் ஆட்டம்; ஒன்பது குழி, இரண்டு சுற்று; குறைந்த அடிகளில் எந்த ஊர் அதிகக் குழிகளை வெல்கிறதோ அந்த ஊருக்கு வெற்றி. ஆளுக்கு ஒரு மட்டை, இரண்டு பேருக்கு ஒரு பந்து. மற்றவர்களின் பந்தை நாளெல்லாம் புல்லின் மேல் ஏற்றி வைக்கிறவர்கள், தங்கள் பந்து பள்ளத்தில் கிடந்தால் பள்ளத்திலிருந்தே அடிக்கிறார்கள். ஒருவர் காலை அசைத்தால் எதிராளி, “ஏய், வெரல மடக்குடா!” என்று கத்துகிறார். கட்டுப்படியாகிற விளையாட்டு எது என்று கேட்டீர்களே, இதுதான். கண்டிப்பான போட்டி எது என்றாலும் இதுதான். இதில் சேர்வதற்கு எந்தப் படிவமும் இல்லை.

“சார் எந்தப் பக்கம்?” என்று சைதாப்பேட்டைக்காரர் ஒருவர் கேட்டார்.

“வீடு மயிலாப்பூர்” என்றேன்.

“மயிலாப்பூரு டீமு இல்லியே. சொந்த ஊரு?”

“மலாயா.”

“அத்து சுத்தமா இல்ல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேளச்சேரியில் ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்கள்.

நன்றாகவே ஆடினேன். முதல் சுற்று முடிந்தபோது வேளச்சேரி இரண்டு குழி முன்னால் இருந்தது. அந்த இரண்டும் நான் வென்றவை. தனபால் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அந்த நேரம் பார்த்துக் கல்யாணத்துக்குப் போனவர் வேலிச் சந்தில் வெற்றிலை வாயோடு தலையை நீட்டினார். சைதாப்பேட்டையில் ஒருவர் மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று மட்டையைக் கீழே வைத்தார்.

“நம்மாளு வந்துட்டான் சார்” என்றார் தனபால். “நீ அந்தாண்ட போ. அவனுங்களுக்கு ஒரு ஆளு கொறையுது.”

“அப்படியானால் நான் வென்ற இரண்டு குழி?”

“அத்து எங்களுது. இங்கியே வெச்சிட்டுப் போ.”

மட்டையை எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டைக்காரர்கள் நின்ற பக்கம் நடந்தேன். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். இரண்டு குழி பின்தங்கியிருந்தோம். வெயில் ஏறியிருந்தது. பந்தை மண்ணில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே வேளச்சேரிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு என் ஒவ்வொரு கால்விரலையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.