முகம் வரையாத படம்

மனித உடம்பை வரைகிறவளுக்கு யாழ்ப்பாணத்தில் முதல் தட்டுப்பாடு உடம்புதான். தூரிகை கடையில் கிடைக்கும், கன்வஸ் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும். ஆனால் "கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கோ, உங்களைக் கீறப்போறன்" என்று எந்தப் பெண்ணிடம் போய்க் கேட்பது? கேட்டால் அடுத்த நாளே சித்திர ரீச்சருக்கு விசர் பிடித்துவிட்டது என்று அயலட்டை முழுக்கக் கதை பரவிவிடும். அதனால் நானும் எனக்குத் தெரிந்த மற்றப் பெண்களும் எங்களையேதான் வரைகிறோம். அறைக் கதவைப் பூட்டிவிட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பது. என் வயிறும் தோளும் முழங்காலும் எனக்கு மனப்பாடம். முதுகு மட்டும் அகப்படாது. திரும்பித் திரும்பிப் பார்த்து ஒரு கிழமை கழுத்துச் சுளுக்கோடு பள்ளிக்கூடம் போனதுதான் மிச்சம்.

அரியாலையில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தையல்காரி வாடகைக்கு இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு சின்னப் பெண்பிள்ளையோடு வந்தவள். புருசன் எங்கே என்று கேட்டவர்களுக்கு "இல்லை" என்று மட்டும் சொல்லியிருந்தாள். இங்கே ஒரு பெண் அப்படிச் சொன்னால் மேலே கேட்கமாட்டோம். சண்டையில் போயிருப்பான் என்று நாங்களே முடித்துக்கொள்வோம். எனக்குச் சட்டை அளவெடுக்கும்போது, "அக்கா, உங்கடை இடது தோள் மற்றதைவிட ஒரு விரல் இறக்கம்" என்றாள். இருபது வருடமாக என்னையே வரைகிற எனக்குத் தெரியாத சங்கதி! உடம்பைப் பார்க்கத் தெரிந்தவள், இவளிடம் கேட்கலாம் என்று துணிந்தேன்.

சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "முகம் கீறாட்டி வாறன்" என்றாள்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சட்டையைக் கழற்றிச் சேலையை முன்பக்கம் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் அமர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். இடது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் மூன்று தழும்புகள், தடித்துப் பளபளவென்று.

"ஷெல் பீஸ் தானே?" என்றேன்.

"ம்" என்றாள்.

குண்டு வெடித்துத் தெறிக்கிற ஷெல் துண்டு அப்படி நேராக, வரிசையாகக் கிழிக்காது. சின்ன வயதிலிருந்து ஷெல் காயம் பார்த்து வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எங்கள் ஊரில் தழும்பு என்றால் சண்டை, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. வெளியே ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவள் முதுகு கல்லாக இறுகும். சத்தம் தூரப் போனபிறகுதான் தளரும். ஏன் என்று நான் கேட்டேனா? அந்த இறுக்கத்தைக் கரியில் பிடித்துவிட்டேன் என்று சந்தோசப்பட்டேன். மடைச்சி.

நகரத்தில் ஒரு மண்டபத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தோம். எல்லாமே மனித உருவங்கள். என்னோடு படிப்பிக்கிற ரீச்சர் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "எடியே, ஒண்டும் தெரியேல்லைத்தான், எண்டாலும் வெக்கமாக் கிடக்கு" என்று கைலேஞ்சியால் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஆனால் அந்த முதுகுக்கு முன்னால் போனதும் சிரிப்பு நின்றது. கனடாவிலிருந்து வந்த ஒரு அம்மா அதைப் பார்த்து அழுதா. படத்துக்குக் கீழே 'ஷெல்' என்று நான் தலைப்புப் போட்டிருந்தேன். யாரோ அதைப் பேஸ்புக்கில் போட, ஊரெல்லாம் பாராட்டு. எனக்குத் தலை கால் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட், நெற்றியில் திருநீறு. மற்றப் படங்களைத் திரும்பியும் பார்க்காமல் நேரே அந்த முதுகுக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். நானே கிட்டப் போனேன்.

"நீங்கள் கீறினதோ ரீச்சர்?"

"ஓம்."

"வடிவாக் கீறியிருக்கிறியள்." கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்த்தார். "ஆள் முந்தியைவிட மெலிஞ்சு போனா, என்ன?"

படத்தைத் திரும்பிப் பார்த்தேன். முகம் இல்லை, தலைமயிர்கூட இல்லை.

"ஷெல் எண்டு போட்டிருக்கிறியள்" என்றார். கோபமே இல்லாத குரல். "அது ஷெல் இல்லை ரீச்சர். வீட்டிலை நடந்த ஒரு விசயம்."

அவர் என்று எழுதக் கை கூசுகிறது. இனி அவன் என்றே எழுதுகிறேன்.

உடுப்பிட்டியிலிருந்து வருகிறானாம். மனுசியையும் பிள்ளையையும் இரண்டு வருடமாகத் தேடுகிறானாம். எங்கே வைத்துக் கீறினேன் என்று கேட்டான். வெளிநாட்டிலிருந்து வந்த போட்டோவைப் பார்த்து என்று புளுகினேன். தலையாட்டிவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தான். அங்கே என் படமும் பெயரும் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடமும் பெரிய எழுத்தில் இருந்தன. அவனுக்கு வேறென்ன வேண்டும்?

கோப்பி போட்டுக்கொண்டு வாறன் என்று சொல்லிப் பின் அறைக்குப் போய் அவளுக்குப் போன் எடுத்தேன். "ஒரு ஆள் வந்து நிக்கிறார்" என்றதுமே மறுபக்கத்தில் தையல் மெசின் நின்றது.

"வெள்ளைச் சட்டையோ?"

"ஓம். நான் இப்பவே உம்மட்டை வாறன்."

"வராதேங்கோ. உங்களுக்குப் பின்னாலைதான் வருவார்." மூச்சு வாங்கினாள். "ஒரு மணித்தியாலம் பிடிச்சு வையுங்கோ அக்கா. பிள்ளையை ரியூசனிலை இருந்து கூட்டவேணும்."

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன், அழுகையும் ஆத்திரமுமாக. "நீர் ஷெல் எண்டெல்லோ சொன்னனீர்?"

"நீங்கள் கேக்கேல்லை அக்கா. நீங்களே சொன்னனீங்கள். நான் ம் எண்டன்."

அந்த ஒரு மணித்தியாலம் இப்போதும் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. கோப்பியைக் கையில் கொடுத்து, கதிரை போட்டு இருத்தி, அவனுக்கு அந்தப் படத்தை விளங்கப்படுத்தினேன். எங்கே கரி, எங்கே வண்ணம், தோள் எலும்புக்கு ஏன் நீலம். அடித்தவனுக்கு முன்னால் அடிபட்ட முதுகை அங்குலம் அங்குலமாகப் புகழ்ந்துகொண்டு நின்றேன். அவன் நல்ல மாணவன்போலக் கேட்டான். ஒரு இடத்தில் எழும்பிப் போய், வலது இடுப்புக்கு மேலே விரலை வைத்து, "இஞ்சை ஒரு மச்சம் இருக்கு, விட்டிட்டியள்" என்றான். அந்த விரலை முறித்தால் என்ன என்று தோன்றியது. "ஓமோ, நான் கவனிக்கேல்லை" என்று பல்லைக் காட்டினேன்.

போகும்போது படத்தைத் தரமுடியுமா என்று கேட்டான். முடியாது என்றேன். "பரவாயில்லை ரீச்சர். நான் வந்து வந்து பாக்கிறன்" என்றான்.

சொன்னபடி வந்தான். இரண்டு கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்த மோட்டார் சைக்கிள் எதிர் மதிலோடு நிற்கும். என்னைக் கண்டால் மரியாதையாகத் தலையைக் குனிவான். நான் பயந்து சாகிறேன் என்று காட்டாமல் சைக்கிளை மிதித்து வருவேன். பிறகு எங்கள் ஒழுங்கைக்குள்ளும் அவனைக் கண்டேன். தையல்காரியின் வீடு அதற்குள் வெறுமையாகிவிட்டது. தைக்கக் கொடுத்த துணிகளை ஒவ்வொன்றாகப் பெயர் எழுதி மடித்து வீட்டுக்காரரிடம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆரோடையோ ஓடிவிட்டாள் என்று அயலில் கதைத்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? உண்மையைச் சொன்னால் அது அவன் காதுக்கும் போகும். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. அவள்தான். தானும் பிள்ளையும் சுகம் என்றாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றாம். கேட்டபிறகுதான் எனக்கு நெஞ்சில் தண்ணி வந்தது.

"எங்கை இருக்கிறீர் பிள்ளை?" என்றேன்.

"அதை உங்களுக்குச் சொல்லமாட்டன் அக்கா" என்றாள், பகிடிபோலத்தான். "நீங்கள் கீறிப்போடுவியள்."