பெண் பார்க்கப் போய்த் துருப்பு இறக்கியது

வரன் விவரத்தாளில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘பிரிட்ஜ் சீட்டாட்டம்’ என்று எழுதியிருந்தேன். தரகர் அதை அடித்துவிட்டுக் ‘கோயிலுக்குப் போதல்’ என்று போடச் சொன்னார். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஆடியது சீட்டு. போகாத கோயிலை எப்படி எழுதுவது? அப்படியே விட்டுவிட்டேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாததால் இந்தச் சண்டையும் தெரியாது. சீட்டு என்றாலே அவளுக்கு ஆகாது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திக் காட்டுக்குள் சீட்டாடிய என் தாய்மாமனைப் போலீஸ் துரத்திப் பிடித்த அன்று, ஸ்டேஷன் வாசலில் அரை நாள் அழுதுகொண்டு நின்றவள்.

ஏழு வீட்டில் என்னை வேண்டாம் என்றார்கள். எட்டாவதாகக் குற்றாலத்திலிருந்து, அந்த ஒரு வரிக்காகவே கூப்பிட்டார்கள். பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. இந்த வீட்டிலாவது சரி என்று சொல்ல வேண்டுமே என்ற நினைப்போடுதான் தென்காசியில் பஸ் ஏறினேன்.

வெளியே சாரல். கேசரி வந்தது. கூடவே சீட்டுக்கட்டும் வந்தது.

“தம்பி, மழைக்குப் பயந்து எங்க செட்டுல ஒருத்தர் வரல. ஒரு கை கொறையுது, உக்காருங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சீட்டா?” என்றாள் அம்மா.

“பயப்படாதிங்கம்மா, இதுல காசு கெடையாது. காசு வச்சு ஆடுனா நானே பிடிச்சு உள்ள போட்டுருவேன்.”

அம்மா என் தொடையில் கிள்ளியது மூன்று நாள் வலித்தது.

ஒரு கட்சி, இன்ஸ்பெக்டரும் அவர் மைத்துனரும். மறு கட்சி, நானும் பெண்ணும். பிரிட்ஜில் கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். ஆனால் பேசக்கூடாது, முகத்தைப் பார்த்துக் குறிப்பறிவதும் கள்ளாட்டம். இதை அவர் எனக்கு இரண்டு தடவை சொன்னார். ஆக, பெண் பார்க்கப் போனவர்களில் நான் ஒருவன் மட்டும் பெண்ணைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள், தரகர் பார்த்தார், கேசரியில் உட்கார்ந்த ஈயும் பார்த்தது. எனக்குக் கிடைத்தது பத்து விரல்களும் பதின்மூன்று சீட்டுகளின் முதுகும்தான்.

இன்ஸ்பெக்டர் முதலில் இஸ்பேடைத் துருப்பாகக் கேட்டார். மைத்துனர் அதில் ஆசை காட்டவில்லை. பிறகு ஆட்டின் கேட்டார், மைத்துனர் தலையாட்டினார். ஆட்டின்தான் துருப்பு, ஆளுக்கொரு சீட்டாக விழும் பதின்மூன்று பிடியில் பத்தை ஜெயிப்பதாக அவர் பேச்சு. முதல் சீட்டை நான் இறக்க வேண்டும்.

என்னிடம் இஸ்பேட் ராஜா, ஜாக்கி, பத்து எல்லாம் இருந்தன. அப்படியென்றால் அவருடைய இஸ்பேடெல்லாம் நோஞ்சான். மைத்துனரிடம் இஸ்பேட் தீர்ந்ததும், மைத்துனரின் துருப்பை வைத்து அந்த நோஞ்சான்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒப்பேற்றப் பார்ப்பார். தடுக்க ஒரே வழி, நானே துருப்பை இறக்குவது. நான் இறக்கினால் மைத்துனரும் துருப்பே போட்டாக வேண்டும். வெட்டுகிற கத்தி ஒன்று குறையும். எதிராளிக்குப் பலமான சீட்டை நாமே இறக்குவது பார்ப்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். நான் மட்டும் கிறுக்கனானால் போதாது. கூட்டாளியும் தன் கைக்குப் பிடி வந்ததும் அதே கிறுக்கைச் செய்ய வேண்டும்.

அம்மா குனிந்து காதில் சொன்னாள்: “ஏலே, அண்ணாச்சி ஜெயிக்கட்டும்லே. ஒனக்குப் பொண்ணு வேணுமா வேண்டாமா?”

வேண்டும்தான். வேறு எதை இறக்கினாலும் அவர் ஜெயிப்பார். ஆனால் ஆட்டம் முடிந்து என் சீட்டுகளைப் பார்த்தால் நான் வேண்டுமென்றே தோற்றது எதிரே இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். அவளோடு சேர்ந்து செய்கிற முதல் காரியத்திலேயே அவளைக் காட்டிக்கொடுப்பதா? ஆட்டின் நாலை இறக்கினேன்.

ஆட்ட விதிப்படி மைத்துனர் தன் சீட்டுகளை விரித்து வைத்தார்; இனி அவற்றையும் இன்ஸ்பெக்டரே ஆடுவார். ஒரே ஒரு இஸ்பேட், மூன்று துருப்பு. அதில் ஒரு துருப்பு உடனே போயிற்று, அந்தப் பிடியும் அதற்கே. அடுத்து அவருடைய ஒற்றை இஸ்பேடை இறக்கினார்கள். பெண் அதை ஏஸால் அடித்தாள்.

இனி அவள் இறக்க வேண்டும். விரல் ஒரு சீட்டைத் தொட்டது, விட்டது, இன்னொன்றைத் தொட்டது. என் ஜாதகத்தைக்கூட யாரும் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

ஆட்டின் ஏழு விழுந்தது. துருப்பு!

மைத்துனரிடம் மிஞ்சியது ஒரே ஒரு துருப்பு. அதை வைத்து ஒரு இஸ்பேடை வெட்டினார்கள். மீதி இஸ்பேடில் இரண்டை என் ராஜாவும் ஜாக்கியும் பிடித்தன. கடைசியில் எண்ணியபோது அவர்களுக்கு ஒன்பது பிடி. ஒன்று குறைவு.

“ரெண்டாவது துருப்ப எறக்குனது யாரு?” இன்ஸ்பெக்டரின் குரல் மாறிவிட்டது. மைத்துனர்கூட எழுந்து நின்றுவிட்டார். அம்மா இன்ஸ்பெக்டரையே உற்றுப் பார்த்தாள்.

“நான்தாம்ப்பா.”

“டயமண்ட் ஏஸக் கையில வச்சுக்கிட்டா?”

“அது எங்க ஓடிரப் போகுது? இவுக மொதல்ல துருப்பு எறக்குனாகல்லா. காரணம் இல்லாமலா எறக்குவாக?”

என்னைப் பற்றி இப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டம் முடிந்துவிட்டதால் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாள். போட்டோவில் அது இல்லை.

“சரி, நீ என்னட்டி சொல்லுத?”

“இவுகளுக்கு எதுக்க உக்காரச் சம்மதம்ப்பா.”

அவர் கொஞ்ச நேரம் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். “நாள் பாருங்கம்மா. ஆனா ஒண்ணு, இதுக ரெண்டையும் இனிமே ஒரே கட்சியில விட மாட்டேன்.”

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இலஞ்சி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

“ஏலே, ஒன் மாமனப் பிடிச்சது இந்த ஆளுதாம்லே. அதட்டுனாருல்லா, அந்தக் கொரல்லதான் தெரிஞ்சுது.”

“அப்போ இந்த எடம் வேண்டாங்குதியா?”

“யாரு சொன்னா? மாமனுக்கு போனப் போடு. அந்த இன்ஸ்பெக்டரச் சீட்டுல தோக்கடிச்சிட்டோம்னு சொல்லு.”