லூத்தரன்களோடு கிப்லா தேடிய கதை

காலை பத்து மணிக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் மணி அடிக்கும். உடனே பேராசிரியர் கணக்கைப் பாதியில் விட்டு வெண்கட்டியைக் கீழே வைப்பார். பதிவாளர் அலுவலகத்து மார்த்தா யன்னலை இழுத்து மூடுவார். எல்லோரும் பனியில் சறுக்கியபடி வளவின் நடுவிலிருந்த தேவாலயத்துக்கு நடப்பார்கள். இருபது நிமிடத்துக்கு அங்கே வேறு எந்த வேலையும் நடக்காது. அமெரிக்காவின் வடக்கே, சோளத் தோட்டங்களுக்கு நடுவே, லூத்தரன் கிறிஸ்தவர்கள் நடத்திய சின்னப் பல்கலைக்கழகம் அது. எழுபதுகளின் கடைசியில் இலங்கையின் கிழக்கே கல்முனையில் கணித ஆசிரியராக இருந்த நான், அவர்களுடைய புலமைப்பரிசில் கிடைத்து அங்கே போய்ச் சேர்ந்தேன். எங்கள் மருதமுனையிலிருந்து கடல் கடந்து படிக்கப் போன சிலரில் நானும் ஒருவன் என்ற பெருமை, போட்டிருந்த கோட்டைவிடப் பெரிதாக இருந்தது.

புலமைப்பரிசில் கடிதத்தில், 'மாணவர் எமது சமூக வாழ்வில் பங்குகொள்ள வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பத்து மணிக் கூட்டம்தான் அது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். போகாவிட்டால் புலமைப்பரிசில் போய்விடும் என்று பயந்து, ஒரு நாள் தவறாமல் போனேன். வாசலில் நின்ற கிழவர் ஆளுக்கொரு தாள் கொடுப்பார். அதில் அன்றைய பாட்டுகளின் இலக்கங்கள் இருக்கும். நான் அதை வரவுப் பதிவு என்று நினைத்தேன். என் பெயரையும் மாணவர் இலக்கத்தையும் அழகாக எழுதி, திரும்பும்போது அவரிடமே கொடுப்பேன். அவரும் ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லி வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. அதை மரியாதை என்பார்கள்.

மார்ச் மாதம் படம் பிடிக்கிறவர் ஒருவர் வந்தார். தேவாலயத்துக்குள் என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. முன்வரிசைக்குக் கூட்டிப்போய், கையில் பாட்டுப் புத்தகத்தை விரித்துக் கொடுத்து, மேலே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் விளம்பரப் புத்தகத்தில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. என் முகம் நன்றாக விழுந்திருந்ததால், படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை. அன்றே ஒரு பிரதியை வாப்பாவுக்கு அனுப்பிவைத்தேன்.

வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்தவர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் குடியின் பிரதிநிதியான மரைக்கார் அவர்தான். ஒரு மாதம் கழித்து அவருடைய கடிதம் வந்தது. அவர் கதைப்பதைப் போலவேதான் எழுதுவார்.

'மகன், நீ அனுப்பின புத்தகத்த ஊர் முழுக்கக் காட்டின நான். இங்கிலீஸ் மாஸ்டர்தான் படத்துக்குக் கீழ இரிக்கிறத வாசிச்சாரு. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒண்டாக் கூடி வேதக் கோயில்ல வணங்குறாங்க எண்டு எழுதி இரிக்காம். நீ மாறிட்டாய் எண்டு ஊருல கதைக்காங்க. தங்கச்சிட கலியாணப் பேச்சும் நிண்டு போச்சு. மரைக்கார் வேலைய வேற ஆளுக்குக் குடுக்கட்டாம். ஓம் எண்டா ஓம் எண்டு எழுது, இல்லாட்டி இல்ல எண்டு எழுது.'

கடிதத்தை வாசித்து முடித்ததும் நேரே தேவாலயப் பொறுப்பாளர் பாதிரியார் ஹென்ரிக்கிடம் போனேன். வாசல்நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வரமுடியாத உயரம் அவருக்கு. இனி என்னால் பத்து மணிக்கு வரமுடியாது, அதற்காகப் புலமைப்பரிசிலை நிறுத்தினாலும் பரவாயில்லை என்றேன்.

அவர் கதிரையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். “வரவேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை.”

“முஸ்லிம் மாணவர் ஏன் தினமும் வருகிறார் என்று நாங்கள் இரண்டு கூட்டங்களில் பேசினோம். கேட்பது மரியாதை இல்லை என்று முடிவெடுத்தோம். உங்களுக்கு ஓர்கன் இசை பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.”

புலமைப்பரிசில் கடிதத்தில் இருந்த அந்த வரியை அவருக்குச் சொன்னேன்.

பிறகு அவர், நான் எங்கே தொழுகிறேன் என்று கேட்டார். அறையில் என்றேன். எந்தப் பக்கம் பார்த்து என்றார். “மேற்கு” என்றேன், அதிலென்ன சந்தேகம் என்பது போல. எங்கள் ஊரில் கடல் கிழக்கு, தொழுகைக்கு முகம் திருப்பும் கிப்லா மேற்கு. பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விசயம்.

பாதிரியார் தொண்டையைச் செருமினார். “உங்கள் ஊரிலிருந்து மக்கா மேற்கே இருக்கும். இங்கிருந்துமா?”

அந்த நிமிடம் என் வாழ்க்கையில் வராமலே இருந்திருக்கலாம். கணிதம் படிக்க வந்தவன் நான். அவர் என்னைப் புவியியல் வகுப்புக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த பெரிய பூகோள உருண்டையில் எங்கள் நகரத்தின் மேல் நூலின் ஒரு நுனியை அவர் அழுத்திப் பிடித்தார். மறுநுனியை நான் மக்காவில் பிடித்து இழுத்தேன். நூல் கனடாவைக் கடந்து, வடகிழக்கே வளைந்து போனது. எட்டு மாதமாக நான் சோளத் தோட்டங்களையும், அதற்கப்பால் பசிபிக் சமுத்திரத்தையும் நோக்கித் தொழுதிருக்கிறேன்.

பாதிரியார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது அத்தனையையும் ஒளிக்காமல் வாப்பாவுக்கு எழுதினேன். பாதிரியாரும் பல்கலைக்கழகத்தின் தாளில் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிச் சேர்த்தார். அதில் இப்படி இருந்தது: 'ஐயா, உங்கள் மகன் எங்கள் தேவாலயத்தில் ஒரு நாளும் ஜெபிக்கவில்லை, பாடவும் இல்லை. அநேக நாட்கள் தூங்கினார். நான் மேடையில் நிற்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அவருடைய படத்தை அந்த வகையில் அச்சிட்டது எங்கள் தவறு. மன்னியுங்கள்.'

வாப்பாவின் பதில் வருமட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்த பதிலை இன்றும் வைத்திருக்கிறேன்.

'மகன், பாதிரியார்ர கடிதத்த இங்கிலீஸ் மாஸ்டர் பள்ளிவாசல்ல எல்லாருக்கும் முன்னால வாசிச்சாரு. நீ தூங்கின இடம் வந்தொடனே எல்லாரும் நம்பிட்டாங்க. நீ வெள்ளிக்கிழம ஜும்மாவிலயும் தூங்குற ஆள்தானே. தங்கச்சிட பேச்சு திரும்ப வந்திரிக்கி. தெச மாறித் தொழுத தொழுக கூடுமா எண்டு மார்க்கம் படிச்ச ஹஸரத்திட்ட கேட்டன். தெரியாமத் தொழுதாக் கூடும் எண்டாரு. கணக்குப் படிக்கப் போன ஆளுக்கு அது எப்பிடித் தெரியாமப் போச்சு எண்டும் கேட்டாரு. அந்தப் பாதிரியாருக்கு என்ட ஸலாத்தச் சொல்லு. நல்ல மனிசன்.'

படிப்பு முடிந்ததும் அங்கேயே கணிதம் கற்பிக்க என்னை வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் என்று நினைத்தது எட்டாகிவிட்டது. ஊரில் பிரச்சினைகள் கூடக் கூட, 'இப்ப வராத' என்றே வாப்பா எழுதினார். எண்பதுகளின் நடுவில் ஒரு தந்தி வந்தது. வாப்பா மௌத்து. என் கைக்கு அது கிடைக்கும்போது அவரை அடக்கி இரண்டு நாளாகியிருந்தது.

அன்று மத்தியானத்திலிருந்து என் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அவித்துச் சுட்ட ஏதோவொரு சாப்பாடு, மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில். “பன்றி இல்லை” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத் தந்தார்கள். மௌத்தான வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருவது எங்கள் ஊரில் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். ஏழு பாத்திரங்களின் அடியிலும் ஒட்டுத்தாளில் சொந்தக்காரரின் பெயர் இருந்தது.

மறுகிழமை அவற்றைக் கழுவி வீடு வீடாகக் கொண்டுபோனேன். ஒருவரும் வாசலோடு அனுப்பவில்லை. இருத்திக் கோப்பி தந்து, வாப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். வழக்கமாக எதையும் கேட்காதவர்கள் அன்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் கதைக்காத வாப்பாவை நான் ஏழு வீடுகளில் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கொஞ்சம் உயரமாகிக்கொண்டு போனார். வெள்ளத்தை வடியவிட அவர் வயல் வரம்பை உடைத்த கதையில், கடைசி வீடு வரும்போது ஊரையே காப்பாற்றியிருந்தார்.

அந்தக் கடைசி வீடு பதிவாளர் அலுவலகத்து மார்த்தாவுடையது. அவர் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மரித்தவர்களின் பெயர்களைத் தேவாலயத்தில் வாசிப்பார்களாம். “உங்களுக்கு ஆட்சேபனை இருந்தால் வேண்டாம்” என்றார்.

ஊரில் அந்த நேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து வாப்பாவுக்காகக் குர்ஆனின் யாஸீன் ஓதிக்கொண்டிருப்பார்கள். தங்கச்சியின் மாப்பிள்ளை, நான் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, வந்தவர்களைக் கைகொடுத்து இருத்திக்கொண்டிருப்பான். தேவாலயத்தில் அவர் பெயரை வாசிப்பது கூடுமா என்று ஹஸரத்திடம் கேட்க எனக்கு வழியில்லை. பாதிரியாரிடம் கேட்பதும் சரியில்லை.

“மீராலெப்பை” என்று வாப்பாவின் பெயரைச் சொன்னேன்.

மார்த்தா பென்சிலைத் தாளில் வைத்துக் காத்திருந்தார். அவசரப்பட வேண்டாம், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள் என்றார். நான் சொல்லத் தொடங்கினேன்.