இழப்பு என்று நான் எழுதிய வினா

“கடந்த ஈராண்டுகளில் தங்கள் குடும்பத்திற்கு இழப்பு ஏதும் ஏற்பட்டதா? ஆம் எனில், அதன் அளவு சிறிதா, நடுத்தரமா, பெரிதா? அவ்விழப்பை ஈடுசெய்ய முடிந்ததா?”

இந்த மூன்று தொடர்களையும் விடுதி அறையில் எழுதி முடித்தபோது, ஒரு செய்யுளைத் தளை தட்டாமல் கட்டிய நிறைவு எனக்கு இருந்தது. உடன் பயின்றவர்கள் ‘நஷ்டம்’ என்றே எழுதியிருந்தார்கள். சிறு வயது முதல் பிறமொழிச் சொல் கலவாமல் எழுதப் பழகியவளாதலால், அச்சொல்லை என் வினாநிரலில் நுழைய விடவில்லை. ஒரு சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் இருக்கையில் வேறொன்றை எடுப்பது சோம்பல் என்று கருதியிருந்தேன்.

நான்காண்டு ஹானர்ஸ் படிப்பில் பொருளியல் பயின்றேன். இறுதியாண்டு முழுவதும் ஆய்வேட்டுக்கு உரியது. ஆரணியில், என் சொந்த ஊரில், பட்டு நெசவு செய்யும் குடும்பங்களைத் தேர்ந்துகொண்டேன். தறியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டைவிட, ஒருவரேனும் வெளியில் சம்பளத்துக்குப் போகும் வீடு தொழிலில் வரும் சரிவைத் தாங்கி விரைவில் எழுந்துவிடுகிறதா என்பதே என் ஆய்வு. ஆய்வேடு உயர்ந்த தரம் பெற்றால் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைக்கும். பெறாவிட்டால் படிப்பு அத்தோடு முடியும். அரிசி ஆலையில் எழுத்தராக இருந்த அப்பா இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அந்த ஓராண்டும் வேறு எதைப் பற்றியும் நான் எண்ணியதாக நினைவில்லை.

என் நெறியாளர் ஆய்வுமுறையியலைக் கண்டிப்போடு கற்பித்தவர். வினாவை எல்லா வீடுகளிலும் ஒரே சொற்களில் வாசிக்க வேண்டும். விளங்கவில்லை என்றால் விளக்கம் தராமல் அதே வினாவை மீண்டும் வாசிக்க வேண்டும். மறுமொழி கேட்டு முகம் மாறக் கூடாது, தலையசைக்கவும் கூடாது. மூன்றாம் மனிதர் எவரும் அருகில் இருத்தல் ஆகாது. களத்துக்குப் போகுமுன் ஒரு முன்னோட்டம் நடத்திச் சொற்களைச் சோதிக்க வேண்டும். அந்த முன்னோட்டத்தையும் நான் செய்தேன். விடுதியில் தங்கியிருந்த தமிழ்த்துறை மாணவியரிடம் செய்தேன். ஒருத்திகூடத் தடுமாறவில்லை.

கோடையில் ஊருக்கு வந்ததும் அண்ணனின் மனைவியை உடன் அழைத்துக்கொண்டேன். அண்ணி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தெருவில் நடந்தால் நாலு வீட்டுக் கதவாவது திறக்கும். அவரையே ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

“இன்னா பாப்பா, நானா அவங்களுக்கு மூணாம் மனுஷி? அந்த வீட்டுப் பொண்ணு காது குத்துக்கு நான் போயிகிறேன்.”

“முறைன்னு ஒண்ணு இருக்கு அண்ணி.”

“இருக்கும், இருக்கும். வெயில்ல நிக்கறவளுக்குத்தான் தெரியும் உன் முறை.”

உள்ளே தறிச்சத்தம் ஓயும்வரை காத்திருந்து வினாக்களை வாசித்தேன். தறி, பாவு, கூலி பற்றியவற்றுக்கெல்லாம் மறுமொழி தடையின்றி வந்தது. இழப்பு பற்றிய இடத்தில் மட்டும் பலரும் சற்றுத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஓர் அம்மையார் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தொழிலில் நொடித்ததைப் பிறரிடம் சொல்லும் கூச்சம் இது என்று உய்த்துணர்ந்து, அவர்களைச் சங்கடப்படுத்தாமல் குறியிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றேன். ஈடுசெய்ய முடிந்ததா என்றதற்குப் பெரும்பாலோர் முடியவில்லை என்றனர்.

கணிப்பொறியில் விடைகளை ஏற்றி அட்டவணை எடுத்தபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. தறி மட்டும் உள்ள வீடு, சம்பளம் வரும் வீடு, ஆளமர்த்தித் தொழில் நடத்தும் முதலாளி வீடு ஆகிய எல்லாவற்றிலும் இழப்பு ஏறத்தாழ ஒரே சீராகப் பரவியிருந்தது. வருவாயின் வகை எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. இதுவரை ஆய்வாளர்கள் சொன்னதற்கு மாறான முடிவு. நெறியாளர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே, அந்த இடம் எனக்குக் கிடைத்துவிட்டது போலிருந்தது.

ஒரு வீட்டின் விடையை மட்டும் அவர் சுட்டிக்காட்டினார். அங்கே இழப்பு சிறிது. ஆயினும் ஈடுசெய்ய முடியவில்லை. “சிறியதை ஏன் ஈடுசெய்ய முடியவில்லை? அதுதான் உன் இயலின் உயிர். இந்த முறை வினாநிரல் வேண்டாம். போய், வாய்விட்டுப் பேச வை” என்றார்.

அது இரண்டு கைத்தறி உள்ள வீடு. கணவர் நெய்த சேலையைக் கொடுக்கப் போயிருந்தார். அவர் மனைவி, என்னைவிடச் சற்று மூத்தவர், தறியில் இருந்தார். தடை இல்லாததால் இம்முறை அண்ணியும் உள்ளே வந்து சுவரோரம் அமர்ந்தார்.

“போன தடவை இழப்பு சிறுசுன்னு சொன்னீங்க. ஆனா ஈடுசெய்ய முடியலன்னும் சொன்னீங்க. அது எப்படின்னு கேக்கலாங்களா?”

அவர் கையைத் தறியிலிருந்து எடுத்தார்.

“சிறுசுதாம்மா. பொறந்து ஒரு வாரம்கூட ஆவல. பேருகூட வைக்கல.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. “இல்லீங்க, பட்டு வெலை ஏறினப்ப நஷ்டம் வந்துச்சே, அதைக் கேட்டேன்” என்றேன். நான் விலக்கிவைத்திருந்த சொல் என் வாயிலிருந்தே வந்தது.

“நஷ்டமா? தொழில்ல நஷ்டம்லாம் இல்லம்மா. நல்லாத்தான் ஓடிகினு இருக்குது. நீங்க வூட்ல இழப்பான்னு இல்ல கேட்டீங்க? எவ்ளோ பெருசுன்னீங்க. அதுக்கு இன்னா சொல்றது? சிறுசுன்னேன். நீங்க டிக் போட்டுகினு அடுத்ததுக்குப் பூட்டீங்க. காலேஜுல இப்டித்தான் கேப்பாங்க போலன்னு உட்டுட்டேன்.”

அண்ணி எழுந்துபோய் அவர் அருகில் அமர்ந்தார். நான் எழுதுகோலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

“ஆஸ்பத்திரில இருந்து வந்தப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசல. இவரும் பேசமாட்டாரு. நீங்கதான் வந்து கேட்டீங்க, அதான் சொன்னேன்.” பிறகு என் எழுதுகோலைப் பார்த்து, “நீங்க எழுதற புக்குல அது வருங்களா?” என்றார்.

“வருங்க” என்றேன். அன்றைக்கு அது பொய்யில்லை. அட்டவணையில் ஓர் எண்ணாக அது இருக்கத்தான் செய்தது.

திரும்பும் வழியில் அண்ணி எனக்கு முன்னே நடந்தார். பேருந்து நிலையத்தை அடைந்ததும் மின்கம்பத்தில் கட்டியிருந்த இரங்கல் பதாகையைக் கைகாட்டினார். மாலையிட்ட படமும், அதன் கீழ் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்ற வரியும் இருந்தன.

“அந்த வார்த்தை நம்ம ஊர்ல அங்கதான் இருக்குது, பாப்பா. வேற எங்க இருக்குது? நீ வூடு வூடா பூந்து யாரு செத்தாங்கன்னு கேட்டுகினு வந்துகிற. நஷ்டம்னு கேட்டிருந்தா மொதலாளிங்கள்லாம் உன்னைப் புடிச்சி உக்கார வச்சி சாயந்தரம் வரைக்கும் அழுதிருப்பாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடுதோறும் சாவு ஒரே சீராகப் பரவியிருந்ததையே நான் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தேன்.

சரிசெய்ய முயன்றேன். சில வீடுகளுக்கு மீண்டும் சென்று நஷ்டம் என்ற சொல்லாலேயே கேட்டேன். ஒருவர், “அன்னிக்கு சொன்னது எங்கப்பாவுக்குங்க. இப்ப அதை அடிச்சிட்டு வேற எழுதுவீங்களா? அது அப்படியே இருக்கட்டும்” என்று உள்ளே போய்விட்டார். கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மையார், “அவரு போனாரு, தறி நின்னுச்சி. இதுல எது இழப்பு, எது நஷ்டம்னு நான் எப்டிம்மா பிரிச்சி சொல்றது?” என்று கேட்டார். எல்லா வீடுகளுக்கும் போய்வரக் காலமும் இல்லை. போன வீடுகளிலும் பொருளைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

“யாருக்குத் தெரியப் போவுது? சும்மா உட்டுடு. மேல்படிப்பு சீட்டு முக்கியம்” என்றார் அண்ணி. அவர் சொன்னதில் தவறில்லை. அட்டவணை ஒழுங்காக இருந்தது. நெறியாளர் அதை நம்பியிருந்தார். தேர்வாளர் எவரும் ஆரணித் தெருக்களுக்கு வந்து கேட்கப்போவதில்லை. இரண்டு நாள் அதைத் திருத்தாமலே வைத்திருந்தேன். பின்னர் நெறியாளரிடம் சொன்னேன். இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. அந்த இயலைத் திறந்தாலே, எந்த எண்ணுக்குப் பின்னால் எவர் கிடக்கிறார் என்று தேடத் தொடங்கிவிடுவேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வாளர்முன் என்னால் பேச இயலாது.

நெறியாளர் சினக்கவில்லை. “ஒரு மாறிக்குள் இரண்டு பொருள் கலந்துவிட்டால் அது அளவையே அல்ல. எடுத்துவிடு” என்றார். எடுத்தேன். கணிப்பொறி அட்டவணையில் அந்த வினாவுக்குரிய நிரலைத் தேர்ந்து நீக்குவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நடந்ததை இரண்டு பக்கம் எழுதி ஆய்வின் எல்லைகள் என்ற பகுதியில் சேர்த்தேன். அவர் அதைச் சுருக்கச் சொன்னார். இறுதியில் அச்சில் நின்றது இவ்வளவே: ‘சொற்பொருள் மயக்கத்தால் ஒரு வினா நீக்கப்பட்டது.’

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் ஏட்டைப் புரட்டிவிட்டு, “தலைப்பில் உள்ள தொழில் சரிவு உள்ளே இல்லையே?” என்றார். இல்லை என்று ஒப்புக்கொண்டேன். தேர்ச்சி பெற்றேன், வேண்டிய தரம் பெறவில்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. அப்பா செய்யாறு சாலையில் உள்ள தனியார் பள்ளி ஒன்றில் ஆள் தேவை என்று கேட்டறிந்து வந்தார். அங்கேதான் இப்போது பொருளியல் கற்பிக்கிறேன்.

சென்ற வாரம் அண்ணி ஒரு திருமணத்துக்குப் போய்வந்து, சேலைகூட மாற்றாமல் என்னருகே வந்து நின்றார்.

“அந்த ரெண்டு தறி வூட்டுக்காரம்மாவைப் பாத்தேன். புக்கு வந்துடுச்சான்னு கேட்டாங்க. இன்னா சொல்லட்டும்?”

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“இன்னும் வரலன்னு சொல்லிடுங்க அண்ணி.”

“அப்டித்தான் சொல்லிட்டு வந்துகிறேன்” என்று அவர் உள்ளே போனார்.