பிள்ளைகளுக்கு ஆகாத புத்தகம்

சிதம்பரத்தில் பாடத்திட்டக் குழு கூடுவதற்கு ஒரு மாதம் முன்பே அந்தப் புத்தகம் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இயற்கணித இடவியல். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்கு இதை வைக்கலாமா, வேண்டாமா என்று, கல்லூரியில் கணக்கு நடத்துகிற, குழுவில் ஒருத்தியான நான் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் அந்தப் பாடத்தையே தூக்கிவிடுவார்கள். வடிவங்களில் உள்ள ஓட்டைகளை எண்ணும் கணக்கு என்று என் கணவரிடம் சொன்னேன். "உளுந்து வடைக்கு ஓட்டை ஒண்ணு. இதுக்குப் போயி இம்மாம் பெரிய புக்கா?" என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் படித்தபோதும் நம் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது என்று இந்தப் பாடத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில் முதல் கேள்வியே இதிலிருந்துதான் வந்தது. பேந்தப் பேந்த விழித்துவிட்டு ஊர் திரும்பினேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கணக்குப் புத்தகத்தைப் படித்துப் பார்த்து எடைபோட முடியாது. போட்டுத்தான் பார்க்க வேண்டும். பயிற்சிக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனவள் நான்காம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். உள்ளே, வெளியே என்று பிரிக்க முடியாத ஒரு பரப்பு. அதன் மேல் இன்னொரு பரப்பை இரண்டு அடுக்காகப் போர்த்த மூன்று வழிகள் உண்டு, நிறுவு என்கிறது புத்தகம். எனக்கு இரண்டு கிடைத்தன. மூன்றாவதைத் தேடியதில் குழம்பு இரண்டு முறை அடிப்பிடித்தது. சனியன் அகப்படவே இல்லை.

ஆனாலும் அது நல்ல புத்தகம். எங்கேயும் 'எளிதில் காணலாம்' என்று சொல்லி நழுவவில்லை. கூட்டத்துக்குப் பஸ்ஸில் போகும்போது செம்மங்குப்பத்தில் ரசாயன ஆலைகளின் மருந்து வாடை தாங்காமல் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுத் தலைவர் ஓய்வுபெறப் போகிற பேராசிரியர். புத்தகம் ரொம்பக் கடினம் என்று ஆரம்பித்தார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். பெண்ணாடத்திலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் வருகிற பிள்ளைகள், பாவம், திணறிப் போவார்கள் என்றார் ஒருவர். அந்தப் 'பாவம்' எனக்குச் சுருக்கென்றது.

அந்தக் கணக்கைத் திறந்து மேசை நடுவில் வைத்தேன். இங்கே யாராவது இதைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இன்னொருவர் டீயை ஊதினார்.

"நீ போட்டியாம்மா?" என்றார் தலைவர்.

"முட்டிப் பாத்தேன் சார், முடியல. பிள்ளைங்களால முடியாதுன்னு எழுதாதீங்க. நம்மால முடியலன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

உனக்கே வராத பாடத்தை யார் நடத்துவது என்று கேட்டார் தலைவர். நான்தான் என்றேன். படித்துப் படித்து நடத்துவேன், தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போடுவேன் என்றேன்.

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கணக்கைப் படித்துப் பார்த்தார். பிறகு, பாடம் இருக்கட்டும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கணக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புக்க வச்சிட்டுப் போம்மா. பாத்துட்டுத் தரேன்."

"முடியாது சார். ஜூன்ல எனக்கு கிளாஸ் இருக்கு. நீங்க வேற ஒண்ணு வாங்கிக்குங்க."