சின்னையா அங்கிள் நீட்டிய கை

காலை வேலை முடிந்து தேநீருக்கு உட்கார்ந்தபோது சின்னையா அங்கிளின் மகள் சாந்தியின் அழைப்பு வந்தது. "அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு, மிஸி. ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு." தேநீர் அப்படியே ஆறிப்போனது.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் சின்னையா அங்கிளைத் தெரிந்திருக்கும். ரயிலேறி வரவேண்டிய சாலாக் செலாத்தான் பகுதிக்காரர், ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டதால் மாதம் ஒருமுறை சோதனைக்கு வருவார். ரத்தம் எடுக்கும் எங்களுக்கெல்லாம் அவரிடம் ஒரே பெயர்தான், மிஸி. லோரியில் எத்தனையோ கம்போங் கிராமங்களைச் சுற்றிய மனிதர் ஊசியைக் கண்டால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

நாற்பது வயதுக்கு மேல் புதிதாகப் படித்து இந்த வேலைக்கு வந்தவள் நான். சேர்ந்த இரண்டாம் மாதம் அவருக்கு ஊசி போட்டேன். சிரை அகப்படவில்லை. கொஞ்சம் ஆழமாகத் தேடினேன். ரத்தம் பாய்ந்து வந்தது. "அங்கிள், இன்னிக்கு நரம்பு ரொம்ப நல்லா குடுக்குது!" என்று பெருமை வேறு. பிறகுதான் பார்த்தேன். ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, விட்டுவிட்டுத் துள்ளி விழுகிறது. குத்தியது சிரையில் அல்ல, தமனியில்! அதுவும் ரத்தம் உறையாத மனிதருக்கு.

ஊசியை உருவிவிட்டு இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன். மேற்பார்வையாளர் ஓடி வந்து பார்த்து, இருபது நிமிடமாவது விடக்கூடாது என்றார். அங்கிள் ஒரு கண்ணைத் திறந்தார். "என்னா மிஸி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" தப்பு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சரி, ரெண்டு கொழாய்க்கும் என்னா வித்தியாசம்? எப்படியும் நீ கைய விடப் போறதில்ல, சொல்லு லா."

சொன்னேன். இதயம் தள்ளும் ரத்தத்தை உடம்புக்குக் கொண்டுபோவது தமனி. அந்த வேகத்தைத் தாங்க அதன் சுவர் தடிப்பு, தொட்டால் துடிக்கும், பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. மெல்லிய சுவர், கருஞ்சிவப்பு ரத்தம், துடிப்புக் கிடையாது.

"அப்போ கால்லேருந்து மேல ஏற, யாரு தள்ளிவிடுறா?"

"நடக்கும்போது கால் தசை அமுக்கும் அங்கிள். கீழ எறங்காம இருக்க சிரைக்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு."

"அதான் டாக்டர் நட நடன்னு உயிர வாங்குறாரா!"

நுரையீரலுக்குப் போகும் தமனியில் மட்டும் கருஞ்சிவப்பு ரத்தம் ஓடும் என்றதும் அவருக்குப் பரம திருப்தி. "எங்க போனாலும் ஒரு ஆளு ரூல்ஸுக்கு அடங்காமத்தான் இருப்பான்."

அவர் முழங்கை கத்தரிக்காய் நிறத்துக்குக் கன்றிப்போனது. நான் வீட்டுக்குப் போய் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். கொடுக்கத் தைரியமில்லாமல் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் வந்தவர், மூன்று பேரை முன்னே அனுப்பிவிட்டு என் நாற்காலி காலியாகும்வரை காத்திருந்தார்.

"வேற மிஸி எடுக்கட்டும் அங்கிள்."

"தொட்டுப் பாரு. துடிச்சா தள்ளிப் போ, துடிக்கலன்னா குத்து. நீதான சொல்லிக் குடுத்த?"

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். கருஞ்சிவப்பு ரத்தம் நிதானமாக இறங்கியது. நான் அழுதேவிட்டேன். "குத்து எனக்கு, அழுகை ஒனக்கா?" என்றார். கடிதத்தை அன்றே கிழித்துப் போட்டேன். அதன்பின் நான்கு வருடமும் அவர் கையில் ஊசி போட்டது நான்தான்.

இறுதிச் சடங்கு முடிந்ததும் சாந்தி என்னைத் தனியே அழைத்தாள். "எங்க வீட்டு முனையிலயே ஒரு கிளினிக் இருக்கு மிஸி, அங்கயே ரத்தம் எடுப்பாங்க. எத்தன தடவ சொல்லியிருப்பேன்! 'நான் போகலன்னா அந்த மிஸி பயந்து வேலைய விட்டுரும்'னு கொமுட்டர் ரயில் ஏறிடுவாரு."

இத்தனை நாள் அவர் சோதனைக்கு ரத்தம் கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கை நீட்டியதால்தான் எனக்கு இந்த வேலை நிலைத்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த வேலைக்குப் போனேன்.