மச்சினியின் குலுக்கல் டப்பா

என் மச்சினிக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். முதல் லோடு சோள விதை வாங்க, தன் வளையலை விற்றுக் கொடுத்தாள். மூட்டை சுமந்த தோளோடு சொந்தக் கிடங்கு கட்டியவன் நான். படிப்பு ஐந்தாவதோடு சரி. அவளைத் தவிர யாரிடமும் நான் கைகட்டி நின்றதில்லை.

அவள் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் குலுக்கல்காரி. பாத்திரம் தேய்ப்பது யார், ஜன்னலோர சீட்டு யாருக்கு, எல்லாவற்றுக்கும் பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்குவாள். "கைய நம்பாதீங்க அத்தான். கைக்கும் கண்ணு இருக்கு. பிடிச்சதத்தான் எடுக்கும்" என்பாள்.

சொந்தமாகப் பரிசோதனை அறை தொடங்க ஓர் இடம் பார்த்திருந்தாள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். என் பணமோ கிடங்கில் விதையாகக் கிடந்தது.

வாங்க வந்த மொத்த வியாபாரி, கதவோரத்து மூட்டைகளில் குத்தூசியைச் செருகி, அதில் வந்த விதைகளை முளைக்கப் போட்டார். பாதிதான் முளைத்தது. "பாதி விலைதான் தருவேன்" என்றார். விடுவேனா நான்? குண்டு குண்டாக நூறு விதை பொறுக்கி, ஈரத்துணி விரித்த தட்டில் முளைக்கவைத்து, அவர் மறுபடி வந்தபோது முன்னால் நீட்டினேன். இரண்டுதான் முளைக்கவில்லை.

அன்று கிடங்குக்கு வந்திருந்த மச்சினி தட்டைப் பார்த்துச் சிரித்தாள். "முதல் பெஞ்சுப் பிள்ளைங்களுக்கு மட்டும் பரீட்சை வெச்சீங்களாக்கும்?"

"என் கண்ணு தப்பாதும்மா!"

"அதான் அத்தான் கோளாறே." வியாபாரி பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் என்னவாம்? வாசல்லயே நின்னு குத்திட்டுப் போயிட்டீங்க. உள்ள வந்தா சட்டை அழுக்காகிடுமோ?"

கதவு வழியே மழைச் சாரல் அடித்திருந்ததை அவள்தான் கவனித்தாள். கதவோரத்து வரிசைக்கு ஒரு சோதனை, உள்ளே இருப்பதற்கு ஒரு சோதனை என்று பிரித்தாள். மூட்டைகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டு, டப்பாவைக் குலுக்கினாள். முதல் சீட்டே அடுக்கின் அடிமூட்டைக்கு விழுந்தது. சுமைக்காரர்கள் முனகினார்கள்.

"மேல இருக்கறத எடுத்துக்கலாமே?" என்றேன்.

"சீட்டு சொன்னா சொன்னதுதான்."

உடனே துண்டைத் தலையில் கட்டி நானே தோள் கொடுத்தேன். அந்த வயதிலும் மூட்டை ஆடவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது வேறு கதை.

சீட்டு விழுந்த ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் குத்தி எடுத்தாள். உள்மூட்டை விதையை ஒரு விரிப்பிலும் கதவோரத்து விதையை இன்னொன்றிலும் கொட்டிக் கலந்தாள். குவியலை நாலாகப் பிரித்து இரண்டைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்தாள். மிஞ்சியதில் பொறுக்காமல், வந்தது வந்தபடி எண்ணித் தட்டுகளில் வைத்தாள். ஒரே துணி, ஒரே அளவு தண்ணீர், ஒரே அறை. எந்தத் தட்டு எது என்று எங்கள் இருவருக்கும் சொல்லவில்லை. "தெரிஞ்சா ஆளாளுக்கு ஒரு மாதிரி எண்ணுவீங்க!"

ஒரு வாரம் கழித்து நானும் வியாபாரியும் தலையோடு தலை முட்ட முளை எண்ணினோம். உள்மூட்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. கதவோரத்தில் ஐம்பத்து நாலு.

"உள்ள இருக்கறதுக்கு முழு விலை. வாசல் வரிசை மாட்டுத் தீவனத்துக்குப் போகட்டும்" என்றார் வியாபாரி. அங்கேயே பணத்தையும் கொடுத்தார்.

நோட்டுக் கட்டை அப்படியே மச்சினியிடம் நீட்டினேன். "நாற்பதாயிரம் இருக்கு. வேணும்னா உன் கணக்குப்படி மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு உருவிப் பாத்துக்க."

"அதெல்லாம் விதைக்குத்தான். கடனுக்குக் கிடையாது அத்தான்" என்று உள்ளங்கையை விரித்தாள்.

ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தேன்.